தன்வினையும் பிறவினையும்: பெண் வேட்பாளர்க்கு ஆதரவு கோரும் தமிழ்

தேர்தற் காலத்தில் அச்சிடப்பெறும் துண்டறிக்கைகளும், சுவரெழுத்துகளும், மேடைப் பேச்சுகளும் திறனாய்வுக்கு உரியனவா என்று கேட்பார் உளர். சோழர் மெய்க்கீர்த்திகளை ஆராய்ந்து நூல் எழுதும் நாம், வாக்குக் கேட்கும் உரைநடையை மட்டும் ஒதுக்குதற்குக் காரணம் காண்டல் அரிது. இரண்டும் ஆட்சிக்கு உரியாரைப் புகழ்ந்து நிறுவ எழுந்தனவே. அவ்வெழுத்தின் ஒரு பகுதியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பெண் ஒருவர் தேர்தலில் நிற்கும்பொழுது அவர்க்கு ஆதரவாக எழுதப்பெறுவது அது. பகைவர் எழுதும் வசையை ஈண்டு ஆராயவில்லை. வேண்டியவர் எழுதும் புகழையே ஆராய்கிறோம். அப்புகழின் சொல்லமைப்பு, யாரை முன்னிறுத்த வந்ததோ அவரையே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பது என் துணிபு.

முதலில் 'வேட்பாளர்' என்னும் சொல்லை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி இதழ்களில் இப்பொருளில் வழங்கிய சொல் 'அபேட்சகர்' என்பது. அபேட்சை என்பது விருப்பம். அதனைத் தமிழாக்கியோர் வேட்பு என்னும் சொல்லை எடுத்து, ஆளர் என்னும் ஈறு சேர்த்து, வேட்பாளர் என்றனர். இலத்தீன் வழிவந்த ஐரோப்பியச் சொல், பதவி நாடி வெள்ளாடை உடுத்து வந்தவனைக் குறித்தது. அஃது உடையைப் பார்த்தது. தமிழ்ச்சொல் உள்ளத்தைப் பார்த்தது. எனவே, தாமே விரும்பி வந்தவர் என்பதே அச்சொல்லின் உயிர். ஆண்பால் பெண்பால் வேறுபாடும் அதில் இல்லை. இருந்தும் 'பெண் வேட்பாளர்' என்று அடைகொடுத்தே வழங்குகிறோம். 'ஆண் வேட்பாளர்' என்னும் வழக்கு, கணக்கெடுப்போர் பட்டியலிலன்றிப் பிறாண்டுக் காண்டல் அரிது.

பெயர்ச்சொல் இவ்வாறு விருப்பத்தைக் கூறியிருக்க, அதனோடு சேரும் வினைச்சொல் அதனை அழித்துவிடுகிறது. 'தேர்தலில் நின்றார்' என்பது தன்வினை. 'நிறுத்தப்பட்டார்' என்பதோ பிறவினை அடியாகப் பிறந்த செயப்பாட்டுவினை. 2022 பிப்ரவரி 19 அன்று நிகழ்ந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அஸ்தினாபுரத்துத் தெருக்களில் பல கட்சிகளின் அறிக்கைகளைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெண்களுக்காக அச்சிட்டவற்றுட் பலவற்றின் அமைப்பு ஒன்றே. மேலே தலைவர்களின் படங்கள், நடுவே வேட்பாளர், அவர் தோளை ஒட்டிக் கணவரின் படம். வாசகமோ, இன்னாருடைய ஆசியோடு, இன்னாரால் நிறுத்தப்பட்டிருக்கும், இன்னாருடைய துணைவியார் என்று செல்லும். பின்னர் 'அன்புச் சகோதரி', 'உங்கள் வீட்டுப் பெண்' என்பன வரும். முடிவில் 'வாக்களியுங்கள்' என்னும் ஏவல். இத்துணை வினைகளுள் அப்பெண்ணை எழுவாயாகக் கொண்ட தன்வினை முற்று ஒன்றேனும் உண்டா என்று தேடினேன். பெரும்பாலானவற்றில் இல்லை. பெயருக்கு உரிய எழுத்துமட்டும் பெரிதாக இருந்தது.

உறவுமுறையால் அழைப்பது தமிழ் மரபாயிற்றே, அதிற் குறை காணலாமா எனின், உறவுச் சொல்லில் குறை இல்லை. ஆண் வேட்பாளரும் 'அண்ணன்' எனப்படுகிறார். ஆனால் அண்ணன் என்ற சொல் அவர் அதிகாரத்தைக் கூட்டுகிறது. 'எங்கள் வீட்டுப் பெண்' என்பது, வீட்டார் அனுப்பினாலன்றி வாராதவர் என்னும் குறிப்பைத் தருகிறது. சொல்வகை ஒன்றே, பயன் வேறு.

நம் காப்பியங்கள் இவ்விரு நிலைகளையும் முன்பே காட்டியுள்ளன. கண்ணகி பாண்டியன் அவைக்குத் தானே சென்றாள். அவளை யாரும் அனுப்பவில்லை. ஆயினும் வழக்குரை காதையில் 'நீ யார்' என மன்னன் வினவியபோது அவள் சொல்லும் விடையின் அடுக்கு கருதத்தக்கது. முதலில் தன் ஊரின் பெருமை, அவ்வூர் மன்னர் முறைசெய்த வரலாறு, பின்னர்க் கணவன் குடியும் பெயரும். தன் பெயர் இறுதியிலேதான் வருகிறது. துண்டறிக்கையின் அடுக்கும் இதுவே எனலாம். ஆனால் பெரியதொரு வேறுபாடு உண்டு. அந்த அடுக்கைச் சொல்பவள் கண்ணகியே. சொல்லிமுடித்தபின் வழக்கை நடத்துபவளும் அவளே. துண்டறிக்கையோ அடுக்கை வைத்துக்கொண்டு வழக்கை விட்டுவிட்டது.

மற்றொரு நிலை பாஞ்சாலியுடையது. நம் புறநகர்ப் பகுதி அக்காப்பியத் தலைநகரின் பெயரைத் தாங்கி நிற்பதால் இஃது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. அவள் அவைக்கு வந்தவள் அல்லள், கொணரப்பட்டவள். எனினும் அவள் தேர்ப்பாகனிடம் சொல்லியனுப்பும் வினா, பாரதியார் வடித்த பாஞ்சாலி சபதத்திலும், முழுக்கத் தன்வினையைப் பற்றியது: தன்னை இழந்தபின் ஒருவன் பிறரைப் பணயம் வைத்தல் கூடுமோ? அவையிலிருந்த அறிஞரால் அதற்கு நேர்விடை சொல்ல இயலவில்லை. பிறவினையால் அவைக்கு வந்தவளும் அங்கே தன்வினையில் பேசக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இவ்வேறுபாட்டை வரலாற்றிலும் காணலாம். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உடைய பெண்கள் 1921-இல் வாக்குரிமை பெற்றனர். சட்டமன்றத்தில் இடம்பெறும் உரிமை 1926-இல் வந்தது. அவ்வாண்டே கமலாதேவி சட்டோபாத்தியாயர், அந்நாள் இம்மாகாணத்தைச் சேர்ந்த மங்களூரிலிருந்து தனித்து நின்று, சில வாக்குகளே குறையத் தோற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரசினரால் நியமிக்கப்பட்டுச் சட்டமன்றத்துக்குச் சென்றார். 1927-இல் அதன் துணைத்தலைவரானார். ஒருவர் நின்றார், மற்றவர் நிறுத்தப்பட்டார். நியமனத்தால் வந்தவர் அடங்கியிருந்தார் என்று எவரும் சொல்லார். தேவதாசி முறை ஒழிப்பிற்காக அவர் அங்கே தொடுத்த வாதத்தைத் தமிழகம் அறியும். காந்தியடிகள் சிறைப்பட்டபோது 1930-இல் அப்பதவியைத் துறந்தார். சட்டமன்ற உறுப்பினராகத் தாம் பெற்ற பட்டறிவை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் அவ்வாண்டே வெளியிட்டார். நியமனத்தைப் பற்றி வரலாற்று நூலார் எழுதும் வாக்கியங்களில் அவர் செயப்படுபொருள். அவர் நூலிலோ 'நான்' என்பதே எழுவாய்.

இங்கு ஒரு தடை எழும். பிறவினை தீயதாயின் இடஒதுக்கீடும் பிறவினைதானே? ஆம், அதனை மறைக்க வேண்டுவதில்லை. 1992-இல் இயற்றப்பெற்ற அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழ்நாடு 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. அச்சட்டம் இல்லையேல், 2021-இல் உருவாகிய 70 வட்டங்கள் கொண்ட தாம்பரம் மாநகராட்சிக்குத் திருமதி வசந்தகுமாரி கமலக்கண்ணன் தம் 25-ஆம் வயதில் முதல் மேயராக 2022 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்டிருத்தல் அரிது. பட்டியலினப் பெண்டிர்க்கென ஒதுக்கப்பெற்ற பதவி அது. ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க: 2021 தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். சட்டம் நிறுத்தாதவிடத்துக் கட்சிகளும் நிறுத்துவதில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே குறை சட்டத்தில் இல்லை. அதன்பின் வரும் தமிழில் உள்ளது. ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என நம் இலக்கணம் இருவகைக் கருத்தாவை வகுக்கும். கோயிலைக் கட்டினான் அரசன் என்பது ஒன்று. கட்டினான் தச்சன் என்பது மற்றொன்று. ஆண் வேட்பாளரையும் கட்சியே ஏவுகிறது. ஆனால் வென்ற மறுநாளே அவர் இயற்றுதற்கருத்தா ஆகிவிடுகிறார்: சாலை போட்டார், விளக்கு வைத்தார் என்பர். பெண் வென்றாலோ ஏவுதற்கருத்தா மட்டும் மாறுகிறார். கட்சியின் இடத்தில் கணவர் வந்து அமர்கிறார். 'அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்' என்னும் பேச்சைக் கேளாதார் யார்? துண்டறிக்கையில் தோளை ஒட்டி இருந்த படம் அந்தப் பேச்சுக்கு எழுதிய முன்னுரையே.

மதுரை மாநகராட்சிக்கு 1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட லீலாவதி, வில்லாபுரத்துக்குக் குடிநீர் வேண்டிப் போராடியவர். 1997 ஏப்ரல் 23 அன்று தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிய பேச்சில் வினைகளெல்லாம் தன்வினையாகவே அமைகின்றன: கேட்டார், எதிர்த்தார், பெற்றுத்தந்தார். பெண்ணை எழுவாயாக்குதல் தமிழுக்கு இயலாததன்று என்பதற்கு அதுவே போதும். அத்தமிழ் அவர் இறந்தபின் கிடைத்தது என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும்.

நல்ல ஆதரவுரை எவ்வாறு இருக்கும்? புகழ்ச்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. வினையை மாற்றச் சொல்கிறேன். தாம்பரம் பகுதியில் பேசுதற்குப் பொருளா இல்லை? 2015 வெள்ளத்தில் வீடுகளுள் நீர் புகுந்ததை இங்குள்ளார் மறந்திலர். சிட்லபாக்கம் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் கழிவுநீர் கலந்து பட்ட பாடு ஊரறிந்தது. இவற்றைப் பற்றி அப்பெண் என்ன எண்ணுகிறார், எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தார், என்ன செய்வார் என்று மூன்று தன்வினை வாக்கியங்கள் எழுதினால் அறிக்கையில் இடம் போதும். கணவர் படத்தின் அளவுதான் அவ்விடம்.

இத்துறையில் முதுகலை மாணவர் செய்யத்தக்க பணி நிரம்ப உள்ளது. தேர்தல் முடிந்த சின்னாளில் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிடுகின்றனர். துண்டறிக்கைகள் அலமாரித் தட்டுக்கு விரிப்பாகின்றன. வட்டவாரியாக அவற்றைத் திரட்டி, ஆண்டும் இடமும் குறித்து, துறை நூலகத்தில் வைக்கலாம். 2022 தேர்தலில் அஸ்தினாபுரத்தில் என் கைக்கு வந்தவற்றுள் பாதியை நானே தொலைத்துவிட்டேன்.