ஏழைச் சிறாரும் வாத்தியக் குழுவும்

எண்ணெய் வளத்தால் பெயர்பெற்ற வெனிசுவேலா நாட்டுக்கு இரண்டாவது புகழை ஈட்டித் தந்தவை அதன் சிறுவர் வாத்தியக் குழுக்கள் ஆகும். பொருளியல் அறிஞரும் இசைவாணருமான ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பார் 1975ஆம் ஆண்டில் தலைநகர் கராக்கசில் தொடங்கிய இவ்வியக்கத்தை ‘எல் சிஸ்தேமா’ என வழங்குவர். பிள்ளைகளிடம் கட்டணம் பெறுவதில்லை. வயலினோ குழலோ இரவலாகத் தரப்படும். பள்ளி விட்டபின் பயிற்சி நடைபெறும். 2007ஆம் ஆண்டில் இதன் சீமோன் பொலீவார் இளைஞர் குழு இலண்டனில் நடைபெறும் கோடை இசைவிழாவில் வாசித்ததன் பின்னர், மலைச்சரிவுக் குடிசைப் பிள்ளைகளை இசை கரையேற்றிவிட்டது என்னும் செய்தி எங்கும் பரவிற்று. பிற நாட்டு நகரங்களும் இம்முறையை மேற்கொள்ளலாயின.

அச்செய்தி மெய்தானா என்று துணிந்து வினவிய நூல், இலண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் பணியாற்றிய ஜெப்ரி பேக்கர் 2014இல் வெளியிட்டதாகும். வெனிசுவேலாவில் தங்கி, ஆசிரியரையும் பழைய மாணாக்கரையும் கண்டு பேசி எழுதப்பெற்ற நூல் இது. நடை கடுமையானது, சிற்சில இடங்களில் வழக்கறிஞரின் வாதம்போல் ஒலிக்கிறது. எனினும் அதனை ஒதுக்கிவிட இயலாது.

இசைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தோர் யாவர் என்பதே அவரது முதல் வினா. இயக்கத்தின் ஒளிவிளக்காகக் காட்டப்பெறும் குஸ்தாவோ டூடாமெல், 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் வாத்தியக் குழுவின் இசைத் தலைமையை ஏற்றவர். அவர் தந்தையார் டிராம்போன் ஊதும் கலைஞர். தாயார் குரலிசை ஆசிரியை. அவர்தம் திறமைக்கு இது இழுக்கன்று. ஆனால், குடிசையிலிருந்து மேடைக்கு என்னும் கதைக்கு அவர் சான்றாக மாட்டார்.

இவ்வியக்கத்துக்குக் கடன் அளித்த அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. 16 இசை நிலையங்களில் சேர விரும்பிய 2,914 சிறாரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை உடனும் மறுபிரிவினரை ஓராண்டு கழித்தும் சேர்த்து ஒப்பிட்டனர். அச்சிறாருள் வறியோர் நூற்றுக்கு 16.7, அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறியோர் நூற்றுக்கு 46.5!

பள்ளிக்கூடம் நடத்தினோர்க்கு இது வியப்பளிக்காது. இலவசம் என்று பலகை மாட்டினால், அதனை முதலில் கண்டு வருவோர் ஓய்வும் விவரமும் உடைய பெற்றோரே. மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுமிக்கும், வேலைக்குப் போன தாய் திரும்பும்வரை கதவைத் தாழிட்டு உள்ளே இருக்கும் சிறுவனுக்கும் இரவல் வயலின் இருந்தும் இல்லாததே. அவர்களைத் தேடிச் சென்று அழைப்பதற்கு ஆள் வேண்டும். அழைத்துவர வண்டி வேண்டும். பசிக்கு ஏதேனும் கொடுக்கவும் வேண்டும். மேடையில் தெரியாத செலவுகள் இவை.

ஆயினும் அதே ஆய்வு பேக்கருக்கு முழு வெற்றி அளிக்கவில்லை. ஆராய்ந்த 26 அளவைகளுள் பெரும்பாலானவற்றில் ஓராண்டில் மாற்றம் காணப்படவில்லை என்பது உண்மை. தன்னடக்கம் சிறிது கூடிற்று, நடத்தைக் குறைகள் சிறிது குறைந்தன, அவ்வளவே. ஆனால் கல்வி குறைந்த தாய்மாரின் பிள்ளைகளிடமும், வன்செயலைக் கண்டும் பட்டும் வளர்ந்த ஆண்பிள்ளைகளிடமும் நற்பயன் தெளிவாகவே தென்பட்டது. மருந்து பலிக்கத்தான் செய்கிறது. மருத்துவமனைக்கு வந்தோருள் பலர் நோயாளிகள் அல்லர்! ஆகவே வாத்தியக் குழுவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேக்கரின் போக்கு அளவு கடந்தது எனலாம்.

கற்பிக்கும் முறை பற்றிய அவரது இரண்டாம் குற்றச்சாட்டு இன்னும் கருதத்தக்கது. குழுவை நடத்துவோர் கோலை உயர்த்த, நூறு பிள்ளைகள் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். தாமே ஒரு மெட்டை அமைக்கவோ, கருத்து வேறுபடவோ இடமில்லை என்கிறார். திரும்பச் செய்தல் இழிவன்று. கையெழுத்துப் பயிற்சியும் வாய்பாடும் அவ்வாறே வருகின்றன. ஆனால் ஆண்டுக்கணக்கில் கையெழுத்து மட்டும் எழுதுவித்து, சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதவிடாத ஆசிரியரை யார் பாராட்டுவார்? பயிற்சிக் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இதனை உணர்வர்.

2021இல் பேக்கர் வெளியிட்ட அடுத்த நூல் இதனினும் நிதானமானது. கொலைகளுக்குப் பேர்போன கொலம்பியாவின் மெதெயின் நகரில் 1996இல் உருவான இசைப்பள்ளி இணைப்பைப் பற்றியது அது. அங்கே குறைகளை எடுத்துரைத்தவர் வெளியார் அல்லர், இணைப்பின் பொறுப்பாளர்களே. பெரிய கச்சேரிகளுக்கு ஆயத்தம் செய்வதிலேயே காலம் கழிகிறது, சமூகப் பணி என்பது பெயரளவில் நிற்கிறது எனத் தம்மைத் தாமே வினவி, பிள்ளைகளே இசை இயற்றவும், நாட்டு இசையைப் பயிலவும், தம் குடியிருப்பைப்பற்றிப் பேசவும் வழி தேடினர். இசைக் கலைஞர்களாகவே வளர்ந்த ஆசிரியர் சிலர்க்கு இம்மாற்றம் பிடிக்கவில்லை. தரம் தாழும் என அஞ்சினர். அந்தப் பூசலை இரு பக்கமும் கேட்டு விரித்துரைக்கும் பகுதிகளே நூலின் உயிர். முதல் நூலைப் படிக்க நேரமில்லாத ஆசிரியர்கள் இவ்விரண்டாம் நூலையேனும் படிக்கலாம். பதிப்பகத்தார் இதனை விலையின்றியே இணையத்தில் வழங்குகின்றனர்.