கடைக்குப் போகக் காசு தருகிறார்கள்!

நகைக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஏழெட்டு நெக்லஸைக் கழுத்தில் வைத்துப் பார்த்து, சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி எவ்வளவு, பழைய நகையை மாற்றினால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்து வரவேண்டும். அதற்குக் காசு தருகிறார்கள்! நம் கோயம்புத்தூரிலேயே இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்டரி ஷாப்பர் என்பது இந்த வேலைக்குப் பெயர். கடையில் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று அறிந்துகொள்ள, கம்பெனிக்காரர்களே நம்மைப் போன்றவர்களை வாடிக்கையாளராக அனுப்புகிறார்கள். கடை ஊழியர்களுக்கு நாம் யாரென்று தெரியாது. ஏரியா மேனேஜர் வருகிறார் என்றால் எந்தக் கடையும் பளபளவென்றுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, முன்பின் தெரியாத ஒருத்தி கையில் கட்டைப் பையோடு நுழைந்தால் யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா? அதைச் சொல்ல அந்தக் கட்டைப் பைக்காரியால்தான் முடியும்.

சேர்வது வெகு சுலபம். கம்பெனிகளுக்காக இப்படி ஆள் அனுப்புவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1987-ல் தொடங்கிய பேர் இன்டர்நேஷனலுக்கு மும்பையில் அலுவலகம் இருக்கிறது. ஃப்ளோர்வாக் நம் நாட்டு நிறுவனம். இன்னும் பலரும் இருக்கிறார்கள். அவர்களுடைய தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பணம் வருவதற்கு பேங்க் கணக்கும் பான் நம்பரும் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை: புரொஃபைலைக் கடைசிக் கட்டம் வரை நிரப்புங்கள். வயது, வீட்டில் எத்தனை பேர், ஸ்கூட்டரா காரா, கண்ணாடி போடுகிறீர்களா, எந்த பேங்கில் கணக்கு என்று கேட்பதெல்லாம் வெறும் ஒப்புக்கு இல்லை. கண்ணாடிக் கடை வேலை கண்ணாடி போட்டவருக்குத்தான் வரும். கார் ஷோரூமுக்கு, அந்தக் காரை வாங்கக்கூடியவராகத் தோற்றமளிக்கும் ஆளைத்தான் அனுப்புவார்கள். குழந்தைகள் இருக்கும் வீடு, வயதான மாமனார் மாமியார் இருக்கும் வீடு, எல்லாமே இங்கே ஒரு தகுதி!

எனக்கு முதலில் கிடைத்தது பெட்ரோல் பங்க். புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. பெட்ரோல் எப்படியும் போடத்தான் போகிறோம், கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டால் போதும். போடுகிறவர் யூனிஃபார்மில் இருக்கிறாரா, “ஜீரோ பாத்துக்கங்க அக்கா” என்று தானாகச் சொல்கிறாரா, பில் கேட்காமலே கொடுக்கிறாரா, காற்று இலவசமாகப் பிடிக்கிறார்களா, குடிதண்ணீர் வருகிறதா, பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா திறந்திருக்கிறதா. காற்று, தண்ணீர், கழிப்பறை எல்லாம் பங்கில் நமக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியவை. பெட்ரோலில் கலப்படம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். அளவு குறைகிறது என்று தோன்றினால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் நான் கேட்டிராத உரிமைகளை இந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆனால் என் மனதைக் கொள்ளை கொண்டது நகைக்கடைதான். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதை நான் மதிக்கிறேன். தங்க நகை விற்றால் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின், ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. அடையாள முத்திரை அதில் இருந்தாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை ஊழியர் தானாக எடுத்துச் சொல்கிறாரா, நாம் கேட்ட பிறகு சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்பதுதான் அன்று நான் பார்க்க வேண்டியது.

எனக்கு நகை காட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கவுண்டர் அடியிலிருந்து லென்ஸை எடுத்தாள். வளையலின் உள்பக்கத்தை விளக்குக்கு நேராகத் திருப்பி, “இங்க பாருங்கக்கா, இது பி.ஐ.எஸ். முத்திரை, பக்கத்துல 22கே916, அதுக்கடுத்து இருக்கிற ஆறு எழுத்து இந்த வளையலுக்கு மட்டும்தான். வேற எந்த நகைக்கும் இது வராது” என்றாள். அத்தோடு விடவில்லை. “உங்க போன்லயே பி.ஐ.எஸ். கேர் ஆப் இறக்கி நீங்களே அடிச்சுப் பாருங்கக்கா, நான் சொல்றத நம்ப வேண்டாம்” என்று சொல்லி, ஆப் இறங்கும்வரை மோர் வரவழைத்துக் கொடுத்தாள். எண்ணை அடித்தேன். நகையின் வகை, தூய்மை, எந்த மையத்தில் முத்திரை போட்டார்கள் என்ற விவரம் எல்லாம் திரையில் வந்து நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அன்று ராத்திரி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜிலிருந்து மனதில் பதித்துக்கொண்ட பெயரை எழுதினேன். நிமிடக் கணக்கோடு எழுதினேன். லென்ஸ், மோர், அவள் சொன்ன வார்த்தைகள், எதையும் விடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நல்ல குணம் தலைமை அலுவலகத்து மேசைக்குப் போய்ச் சேருகிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான்! இதைவிடச் சந்தோஷமான வேலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. “நல்லா கவனிச்சாங்க” என்று எழுதினால், ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் எடிட்டர் திருப்பி அனுப்புவார். உள்ளே நுழைந்து எத்தனை விநாடியில் வணக்கம் சொன்னார்கள், கண்ணைப் பார்த்துப் பேசினார்களா, வேறு மாடல் எடுத்துக் காட்டினார்களா, வாசல்வரை வந்து வழியனுப்பினார்களா? நம் அபிப்பிராயம் வேண்டாம், நடந்தது வேண்டும். அதனால் குறிப்பு எடுக்கும் கலையும் தானாக வந்துவிடும். வாட்ஸப்பில் தங்கைக்குச் செய்தி அனுப்புவதுபோல போனில் நேரத்தைத் தட்டிக்கொள்ளலாம். துணிக்கடை என்றால் டிரையல் ரூம் இருக்கவே இருக்கிறது. ஏதாவது வாங்க வேண்டிய வேலை என்றால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பில் இல்லையென்றால் போனதற்கே சாட்சி இல்லை. வீடு வந்ததும், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே அல்லது மறுநாளைக்குள் கேட்பார்கள்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59-வது. யாரும் சந்தேகப்படாத தோற்றம் வேண்டும், உற்றுப் பார்த்தாலும் அஞ்சக்கூடாது, விஷயத்தை வெளியே விடக்கூடாது என்கிறார் வள்ளுவர். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்றும் சொல்கிறார். இன்றைக்கு ஒரே கடைக்கு ஆளை மாற்றி மாற்றி அனுப்புவதும், போனவரையே உடனே மறுபடி அனுப்பாததும் அதே கணக்குத்தான்! படிக்கும்போது நம் வேலைக்கான விதிமுறையை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்க உதாரணம். வன்முறை மிகுந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கிறார்களா என்று பார்க்க, அங்கே ஃபெடரல் டிரேட் கமிஷன் 13 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பியது. 2000-ல் நடத்திய சோதனையில் 85 சதவீதம் பேருக்கு விற்றுவிட்டார்கள். 2013-ல் வெளியான முடிவில் அது 13 சதவீதம். யாரோ பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால் கடை எப்படித் திருந்துகிறது பாருங்கள்!

பணம்? ஒரு விசிட்டுக்குச் சில நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடை என்றால் சாப்பாட்டுப் பில்லையும் ஒரு வரம்புக்குள் திருப்பித் தருவார்கள். கைக்கு வர ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். இதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது, ஆனால் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஓசியில் பீட்சா சாப்பிட்டு வரலாம்!

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையான நிறுவனம் உங்களிடம் ஒரு பைசா கேட்காது. வாட்ஸப்பிலோ டெலிகிராமிலோ வந்து, பதிவுக் கட்டணம் கட்டுங்கள், டெபாசிட் போடுங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம் என்றால் அது திருட்டுக் கும்பல். அந்த நிமிடமே பிளாக் பண்ணுங்கள். பணம் போய்விட்டதென்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.

தீபாவளி நெருங்கும்போது துணிக்கடை, நகைக்கடை, மொபைல் கடை என்று வேலைகள் வரிசைகட்டி வரும். அந்த நேரத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், இப்போதே புரொஃபைலை நிரப்பி வையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் பங்க் வேலை ஒன்று வந்தால் தொகை சின்னது என்று யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் அடுத்தது நகைக்கடை, அதற்கடுத்தது கார் டெஸ்ட் டிரைவ். எனக்கு வருகிற சனிக்கிழமை அவிநாசி ரோட்டில் ஒரு ஷோரூம் இருக்கிறது. என்ன புடவை கட்டிக்கொண்டு போவது என்று இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்!