பாடசாலைச் சங்கீதக் கல்வி: ஒரு சமூக நோக்கு

இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் சங்கீதம் என்னும் பாடம் கர்நாடக சங்கீதத்தையே குறித்து வந்துள்ளது. இடைநிலை வகுப்புகளில் அழகியற் பாடங்களுள் ஒன்றாக அது கற்பிக்கப்படுகின்றது. இவ்வேற்பாட்டினை நாம் இயல்பானதாகவே கொண்டுவிட்டோம். ஆயின், ஒரு சமூகத்தின் இசைமரபுகள் பலவற்றுள் ஒன்று மாத்திரம் 'சங்கீதம்' என்ற பொதுப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது எவ்வாறு என்னும் வினா எழுப்பப்பட வேண்டியதாகும்.

இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, தரப்படுத்தப்பட்ட பரீட்சைகளின் வாயிலாக இசைக்கல்விக்கு ஓர் ஒழுங்கினை அளித்தது. 1960 இல் மருதனார்மடத்தில் ஆரம்பிக்கப்பட்ட இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. பெண்கள் உட்படப் பலர் இசை கற்கவும் அதனால் தொழில் பெறவும் இந்நிறுவனங்கள் வழிசெய்தன. அப்பணியைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு மாறானது. எனினும், கச்சேரி மேடையின் விழுமியங்களே வகுப்பறையின் விழுமியங்களாகவும் ஆயின என்பதனை நாம் மறத்தல் இயலாது.

ஸ்வரவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்னும் படிமுறை, குருவின் அருகிருந்து பல்லாண்டு பயிலும் மாணவனை மனங்கொண்டு வளர்ந்தது. வாரத்திற்குச் சில பாடவேளைகளே கிடைக்கும் நெரிசலான வகுப்பறையில் அது சுருங்கி, பரீட்சைக்குரிய தகவலாக மாறிவிடுகின்றது. ஓர் இராகத்தின் ஆரோகண அவரோகணங்களைப் பிழையின்றி எழுதும் மாணவர், கோயில் வீதியில் நாதஸ்வரத்தில் அதே இராகம் ஒலிக்கையில் இனங்காண மாட்டாதிருப்பதைக் காண்கிறோம். செவி பயிலவில்லை, ஏடு நிரம்பியுள்ளது.

தமிழிசை இயக்கம் இக்குறையைத் தீர்த்திருக்கலாமே எனச் சிலர் கருதக்கூடும். 1943 இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டதோடு வலுப்பெற்ற அவ்வியக்கம், எம்மொழியிற் பாடுவது என்று கேட்டது. யாருடைய இசை இசையாக ஏற்கப்படுகின்றது என்ற வினா அதன் எல்லைக்கு அப்பால் நின்றது. பாடலின் மொழி மாறியது, மேடை மாறவில்லை.

மட்டக்களப்புக் கிராமமொன்றில் கூத்துக் களரியைச் சுற்றி வளரும் சிறுவனை எண்ணிப் பார்ப்போம். அண்ணாவியாரின் மத்தள ஒலியும் பிற்பாட்டும் அவனது கால்களுக்குத் தாளத்தை முன்னரே கற்பித்துவிட்டன. அத்தகையவன் சங்கீத வகுப்பிலே ஒன்றும் அறியாதவனாக அமர்த்தப்படுகின்றான். 1962 இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' ஆகிய கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றியபோது, கிராமத்து ஆட்டமும் பாட்டும் பல்கலைக்கழக மாணவர் முயன்று பயில வேண்டிய கலையாயின. பல்கலைக்கழகம் கண்ட இவ்வுண்மை பாடசாலைச் சங்கீத வகுப்பினுள் போதியளவு நுழையவில்லை. தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தியின் (1933–1975) ஆற்றலைத் தமிழகமும் வியந்து போற்றியது. அவரை உருவாக்கியதோ பாடசாலையன்று, குலவழிப் பயிற்சியே.

நாட்டார் பாடல்கள் சிலவற்றைப் பாடவிதானத்திற் சேர்ப்பதனால் மாத்திரம் இது தீராது. தொழிற்களத்திலிருந்தும் வாத்தியத்திலிருந்தும் பிரித்தெடுத்து, சுருதிப்பெட்டியின் துணையோடு 'திருத்தமாக'ப் பாடப்படும் நாட்டார் பாடல், கீர்த்தனையின் எளிய வடிவமாகவே எஞ்சும். அதேவேளை, கிராமியக் கலை யாவும் தூய்மையானது என்னும் கற்பனைவாதமும் ஏற்புடையதன்று. பறை முழக்குதல் ஒரு சாதியார் மீது கடமையாகச் சுமத்தப்பட்ட தொழிலாயிருந்தது. அவர்தம் பிள்ளைகள் அதனை மறுத்தமை விடுதலையுணர்வின் வெளிப்பாடாகும். அப்பிள்ளைகளிடமே பறையை மீண்டும் கையளிப்பது, எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், பிற்போக்கானதே. பறை பாடசாலைக்கு வருமாயின், எல்லாப் பிள்ளைகளும் கற்கும் வாத்தியமாகவே வருதல் வேண்டும்.

எனவே நாம் வேண்டுவது கர்நாடக சங்கீதத்தை அகற்றுவதன்று. செவிப் பயிற்சியிலும் தாளப் பயிற்சியிலும் தொடங்கி, மாணவர் அறிந்த ஒலிகளினூடாக இராக தாள இலக்கணங்களுக்குச் செல்லும் பாடவிதானமே இன்றைய தேவையாகும். அண்ணாவியாரும் தவில் வித்துவானும் ஊதியம் பெறும் ஆசிரியர்களாக வகுப்பறைக்குள் வருதல் வேண்டும். கூடிப் பாடும் ஆற்றலும் பரீட்சையில் மதிப்பிடப்படல் வேண்டும். இவை நிகழாதவரை, சங்கீத வகுப்பு இசையைக் கற்பிப்பதோடு, யாருடைய ஒலி இசையாகாது என்பதனையும் சேர்த்தே கற்பித்துக்கொண்டிருக்கும்.