வாக்காளர் பட்டியல் யார் கையில்?

ஒரு கட்சிக்குள் தலைமைப் போட்டி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "யார் வருவார்?" என்றுதான். 2024 ஜனவரி 21 அன்று திருகோணமலையில் நடந்த இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் தேர்தலும் அப்படித்தான் பேசப்பட்டது. 1949இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சி அது. முக்கால் நூற்றாண்டாகத் தலைவரை இணக்கத்தில்தான் தெரிவு செய்துவந்தது. முதல் தடவையாக வாக்குப் பெட்டி வைத்தார்கள். சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. மூன்றாவது வேட்பாளர் சீனித்தம்பி யோகேஸ்வரன் சிறீதரனை ஆதரித்து விலகிக்கொண்டார்.

இதை மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஏன் பேச வேண்டும்? கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 வரை அரசு ஏடுகளில் அதன் பெயர் அகதிகள் முகாம். இந்தியக் குடியுரிமை இல்லாததால் அங்குள்ளவர்கள் தமிழ்நாட்டில் வாக்களிக்க முடியாது. இலங்கைத் தேர்தலில் வெளிநாட்டிலிருந்து வாக்குப் போட வழி இல்லை என்பதால் அங்கேயும் முடியாது. ஆனால் திரும்பிப் போனால் காணி கிடைக்குமா, பிள்ளைகளின் பதிவு என்னவாகும் என்பதையெல்லாம் கொழும்பில் எடுத்துப் பேச வேண்டிய கட்சிகளில் தமிழரசுக் கட்சி முதன்மையானது. அதன் தலைவரை யார், எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பது இந்த முகாமைத் தொடாத செய்தி அல்ல.

முதலில் "யார் வருவார்?" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். சுமந்திரன் பக்கம் சொல்லப்பட்ட காரணங்கள் வலுவானவைதான். ஜனாதிபதி சட்டத்தரணி, கட்சியின் மூத்த தலைவர் சம்பந்தனுக்கு நெருக்கமானவர், கொழும்பிலும் ஜெனீவாவிலும் வாதாடக்கூடியவர். சிறீதரனுக்குக் கிளிநொச்சி வேர், போர் முடிந்த மண்ணில் நிற்கும் தேசிய உணர்வு. இவை இரண்டும் குணச்சித்திரங்கள். குணச்சித்திரத்தை வைத்து எண்ணிக்கையைக் கணிக்க முடியாது. கணிக்கக்கூடிய எண் வேறொன்று இருந்தது. 2015 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்ட விருப்பு வாக்கில் சிறீதரன் 72,058, சுமந்திரன் 58,043. 2020இல் 35,884, 27,834. இருவரின் வாக்கையும் கூட்டி அதில் சிறீதரனின் பங்கைப் பார்த்தால் 2015இல் ஏறத்தாழ 55 விழுக்காடு, 2020இல் 56. திருகோணமலையில் 57.

இந்த ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. ஆனாலும் இதைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. விருப்பு வாக்கில் ஒருவர் மூன்று பேருக்குக் குறியிடலாம். இருவருக்குமே போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கலாம். அது யாழ்ப்பாண மாவட்டத்துக்கு மட்டுமான கணக்கு. தலைவர் தேர்தலில் வாக்களித்த கட்சிப் பொதுச்சபையிலோ மட்டக்களப்பும் அம்பாறையும் திருகோணமலையும் வன்னியும் உட்கார்ந்திருந்தன. ஆகவே எண்கள் ஒத்துப்போனது தற்செயலாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: சிறீதரன் வென்றது மக்கள் விருப்பத்துக்கு எதிராக உள்கட்சிக் கும்பல் செய்த வேலை என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பொதுச்சபை உறுப்பினர்கள் 321 பேர் கொடுத்த வரிசையும் யாழ்ப்பாணத்துப் பொது வாக்காளர் இருமுறை கொடுத்த வரிசையும் ஒன்றே.

அப்படியானால் அந்தத் தேர்தல் நல்ல தேர்தலா? அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் நல்ல தேர்தல்தான். முகாம் இருக்கும் இதே வட்டாரத்தில் பாட்டாளி மக்கள் கட்சியின் தலைமை யாருக்கு என்ற சண்டை 2025இல் எப்படி நடந்தது? ஆகஸ்ட் 9 அன்று மாமல்லபுரத்தில் நிறுவனரின் மகன் அன்புமணி ஒரு பொதுக்குழுவைக் கூட்டினார். ஆகஸ்ட் 17 அன்று பட்டானூரில் நிறுவனர் ராமதாஸ் இன்னொன்றைக் கூட்டினார். பட்டானூர் கீழ்புத்துப்பட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இரண்டிலும் தீர்மானம் நிறைவேறியது, இரண்டிலும் எதிராளியின் பெயர் வாக்குச் சீட்டில் இல்லை. அ.தி.மு.க. இன்னும் நுட்பமாகச் செய்தது. 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழுவில் விதியைத் திருத்தி, பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று வைத்தார்கள். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.

காங்கிரஸ் 2022 அக்டோபரில் தலைவர் பதவிக்கு உண்மையான வாக்கெடுப்பு நடத்தியது. பதிவானவை 9,385. கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. ஆனால் வாக்களிக்கும் பிரதிநிதிகளின் பட்டியலை எல்லோரும் பார்க்க வெளியிடவில்லை என்ற குறை கட்சிக்குள்ளேயே எழுந்தது. ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அந்தக் குறை முடிவை மாற்றியிருக்காது. திருகோணமலையின் 47 வாக்கு இடைவெளியில் மாற்றியிருக்கலாம். வேறுபாடு அங்கேதான்.

திருகோணமலையின் ஓட்டையும் அதே இடத்தில்தான் இருந்தது. பெட்டியில் இரண்டு உண்மையான பெயர்கள் இருந்தன. எண்ணினார்கள், அறிவித்தார்கள். தோற்ற சுமந்திரன் முடிவை ஏற்று வாழ்த்தினார். தமிழ்க் கட்சிகளின் வரலாற்றில் அது சிறிய காரியம் அல்ல. ஆனால் அந்தப் பொதுச்சபைக்குள் யார் யார் எந்த விதியின்படி வந்தார்கள் என்பதைத் தேர்தலுக்கு முன்பே முடித்து வைக்கவில்லை. பொதுச்செயலாளர் பதவிக்குக் குகதாசனா, சிறீநேசனா என்ற இழுபறி அடுத்த வாரமே வெடித்தது. ஜனவரி 28 மாநாடு தள்ளிப்போனது. பிப்ரவரியில் பொதுச்சபைத் தெரிவு யாப்புப்படி இல்லை என்று வழக்கு வந்து, நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வென்றவர் தலைவர் நாற்காலியில் அமரவில்லை.

தேர்தலே பிளவைக் கொண்டுவந்தது, பழைய இணக்க முறையே மேல் என்று சொல்பவர்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளவு அந்தக் கட்சிக்குள் பல ஆண்டுகளாக இருந்தது. பெட்டி அதற்கு அளவு சொன்னது, அவ்வளவுதான். இணக்கம் என்ற பெயரில் நாலு மூத்தவர்கள் முடிவெடுத்த காலத்தில் வடக்கின் இளைஞர்களும் கிழக்கின் தொண்டர்களும் எவ்வளவு தூரம் விலகினார்கள் என்பதை யாரும் எண்ணவே இல்லை.

தலைமை முடங்கியதற்கு விலை உண்டு. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. தெரிவான தலைவர் சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்காகப் பேசினார். அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர், 2,26,343 வாக்கு வாங்கினார். ஒரே கட்சி தன் மக்களிடம் இரண்டு பேருக்கு வாக்குக் கேட்டது. நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்களில் தேசிய மக்கள் சக்தி மூன்றைப் பிடித்தது, தமிழரசுக்கு ஒன்றே ஒன்று. அதற்குத் தலைமைக் குழப்பம் மட்டுமே காரணம் என்பது மிகை, அனுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி அலை பெரியது. ஆனால் மட்டக்களப்பில் அதே அலையில் அதே கட்சி ஐந்தில் மூன்றை வென்றது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நவம்பரில் யாழ்ப்பாணத்தில் வென்ற ஒருவர் சிறீதரன், தோற்றவர்களில் ஒருவர் சுமந்திரன். அடுத்த ஆண்டு சுமந்திரன் கட்சியின் பதில் பொதுச்செயலாளர். தலைவர் நாற்காலியிலும் சி.வி.கே. சிவஞானம் பதில் தலைவராக இருந்தார். பொதுச்சபை வாக்கில் முதலாவதாக வந்தவர் அதில் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு வேறிடத்தில் கண்ட தீர்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு மாநிலத்தின் முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமல் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். தெருவில் கலவரம், நவம்பரில் தோல்வி. அதன் பிறகுதான் மெக்கவர்ன்–ஃபிரேசர் குழு அமைந்து விதிகள் மாறின, முதனிலைத் தேர்தல் வேட்பாளரைத் தீர்மானிக்கும் இடமானது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர் பட்டியலை வைத்திருப்பதும் தேர்தலை நடத்துவதும் அரசு அலுவலர்கள். வேட்பாளரின் ஆட்கள் யாரையும் கடைசி வாரத்தில் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அந்த முறையில் பணத்தின் ஆட்டம் பெரிது, நான் அதை அப்படியே கேட்கவில்லை. பட்டியலைப் போட்டியாளருக்கு வெளியே வைத்த அந்த ஒன்றுதான் திருகோணமலைக்குத் தேவைப்பட்டது.

எனவே என் முடிவு இது. 184–137 முறையான விருப்பத்தின் வெளிப்பாடு, சிறீதரனின் வெற்றி பொய்யல்ல. ஆனால் அந்த வெற்றிக்குக் காவல் இல்லாமல் விட்டது கட்சியின் குற்றம். கட்சியின் முன் இரண்டு நேர்மையான வழிகள் இருந்தன: அந்த முடிவை மாநாட்டில் உறுதி செய்வது, அல்லது கிளை கிளையாகப் பெயரை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பட்டியலை மூடி, மறுபடி வாக்கெடுப்பது. இரண்டையும் செய்யாமல் பதில் பதவிகளால் காலம் தள்ளியதை நியாயப்படுத்த எந்த வாதமும் இல்லை. அடுத்த தலைவர் தேர்தல் வரும்போது, நாள் குறிப்பதற்கு முன் வட்டாரக் கிளைகளின் பட்டியல் அச்சாகி ஒவ்வொரு கிளையிலும் ஒட்டப்பட வேண்டும். போரில் சிதறி, கீழ்புத்துப்பட்டு முதல் ஏனைய முகாம்கள் வரை கிடக்கும் தன் ஆட்களுக்கு ஆலோசனை உரிமையாவது உண்டா என்பதையும் கட்சி யாப்பைத் திருத்தித் தீர்க்க வேண்டும்.