கற்பனை விமானமும் உண்மையான தரையும்

எந்தப் போரிலும் பறக்காத ஒரு விமானத்தை வரைந்து, அதற்கு எஞ்சின் பொருத்தி, எடையும் வேகமும் கணக்கிட்டு, சிமுலேஷன் விளையாட்டில் பறக்கவிடும் பழக்கம் இன்று பரவலாக வேரூன்றிவிட்டது. 2006இல் வெளிவந்த ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்: 1946’ விளையாட்டு, இரண்டாம் உலகப் போர் 1945இல் முடியாமல் நீடித்திருந்தால் எந்தெந்த விமானங்கள் மோதியிருக்கும் என்று கேட்டது. ஹெய்ன்கெல் நிறுவனத்தின், வரைபடத் தாளைத் தாண்டாத லெர்ச்சே விமானத்தைக்கூட அதில் ஓட்டலாம். இதை வரலாற்றுத் திரிபு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பொழுதுபோக்குக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பவர்களும் உண்டு. இரு தரப்பும் பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். தரைத்தாக்கு விமானத்தைப் பொறுத்தவரை, விமானத்தில் கற்பனை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும்; அது குண்டு போடும் தரை மட்டும் கற்பனையாகிவிடக் கூடாது. 1942 மார்ச் 23 முதல் போர் முடியும்வரை ஜப்பானியர் பிடியில் இருந்த அந்தமானை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் இந்தப் பழக்கத்தின் வலிமை. இந்தியர் ஒருவர் இப்படியொரு விமானத்தை உருவாக்க நினைத்தால் வரலாறே அவருக்கு நூலின் நுனியை எடுத்துக் கொடுக்கிறது. வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அங்கே ஒன்றுசேர்க்கப்பட்ட ஹார்லோ பயிற்சி விமானம் பறந்தது. 1942இல் கர்ட்டிஸ் ஹாக் சண்டை விமானம் பறந்தது. வல்ட்டீ தாக்கு விமானங்களைக் கட்டும் திட்டமும் இருந்தது. ஆனால் போர் நெருங்கியதும் அந்தத் தொழிற்சாலை நேச நாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாக மாற்றப்பட்டது. 1943இல் அமெரிக்க விமானப் படையின் நிர்வாகத்துக்குள் போனது. அந்த வல்ட்டீ பெங்களூரிலேயே கட்டப்பட்டு, அதிலிருந்து நம் பொறியாளர்கள் சொந்தமாக ஒரு தரைத்தாக்கு விமானத்தை வளர்த்தெடுத்திருந்தால்? இப்படிக் கேட்டவுடனே, எஞ்சினை யார் தருவார்கள், எந்தக் கப்பலில் அது வரும், அதற்கு அனுமதி கொடுப்பவர் எந்த நாட்டு அதிகாரி என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. காலனி நாட்டின் தொழில்துறை ஏன் முடங்கிக் கிடந்தது என்பதை இதைவிடக் கூர்மையாகப் புரிந்துகொள்ள வழி குறைவு. நேர்மையாகச் செய்தால் மாற்று வரலாறு உண்மை வரலாற்றின் எலும்புக்கூட்டைத்தான் நமக்குக் காட்டுகிறது.

அந்தமானின் புவியியலும் இதே கண்டிப்போடு பாடம் நடத்துகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். பர்மாவில் 40 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு தரையைத் தாக்கிய ஹரிக்கேன் விமானம், கூடுதல் டாங்க் இல்லாவிட்டால் இந்தத் தூரத்தை ஒருவழியாகக்கூடக் கடக்காது. பர்மாக் கரையிலுள்ள அக்யாப் 1942 மே மாதம் கைவிட்டுப் போன பிறகு, தீவுகளைத் தொட நீண்ட தூரம் பறக்கும் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் வேண்டும், அல்லது விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும். 1944 ஜூன் 21 அன்று பிரிட்டிஷ் விமானந்தாங்கியான இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து எழும்பிய பாரகுடா, கோர்செயர் விமானங்கள் போர்ட் பிளேரைத் தாக்கின. அந்த ஆண்டு அக்டோபரில் இண்டாமிட்டபிள், விக்டோரியஸ் கப்பல்களின் விமானங்கள் நிக்கோபாரைத் தாக்கின. பாரகுடாவின் கதை இங்கே முக்கியமானது. வடக்குக் கடல்களின் குளிரில் ஓரளவு நன்றாகவே இயங்கிய அந்த விமானம் வெப்பமண்டலக் காற்றில் திணறியது. அதன் தாக்கு எல்லை முப்பது சதவீதம்வரை குறைந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அதில் பிடிப்பு குறைவு. கடைசியில் அமெரிக்க அவெஞ்சர் விமானங்களை அதன் இடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. கப்பல் மேடையிலிருந்து குண்டுச் சுமையோடு எழ முயலும் விளையாட்டு வீரருக்கு இந்த வெப்பக் கணக்கு உடம்பிலேயே உறைக்கும். நல்ல சிமுலேஷனால் மட்டுமே இதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. தாளில் பிறந்த விமானத்துக்கு நோய் வருவதில்லை. மரத்தால் ஆன மாஸ்கிட்டோ விமானம் ஐரோப்பாவில் புகழ்பெற்றது. இந்தியாவுக்கு வந்தபோது 1944இன் பிற்பகுதியில் இறக்கைகள் முறிந்து, விமானங்களைத் தரையிறக்கிப் பரிசோதிக்க வேண்டி வந்தது. கற்பனை விமானமோ வடிவமைப்பாளர் கணித்த உச்ச வேகத்தை எல்லா நாளும் எட்டுகிறது. அதன் பசை இளகுவதில்லை, உதிரிபாகம் தீர்வதில்லை, உப்புக்காற்று அதைத் தின்பதில்லை. உண்மையில் பறந்தவை தம் குறைகளோடு விளையாட்டுக்குள் வர, பறக்காதவை வாக்குறுதிகளோடு வருகின்றன. இந்தப் போட்டி நியாயமற்றது. உழைத்துப் பறந்த எந்திரங்களுக்கும் அவற்றைப் பராமரித்த மெக்கானிக்குகளுக்கும் இழைக்கப்படும் அநீதி என்றே இதைச் சொல்வேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. உண்மை வரலாறே நம்ப முடியாத விமானங்களால் நிறைந்ததுதானே. நம்பகத்தன்மைக்கு யார் எல்லை போடுவது? இந்த மறுப்பில் வலு இருக்கிறது. இந்திய விமானப் படையின் 7ஆம், 8ஆம் படைப்பிரிவுகள் பர்மாவில் ஓட்டிய வல்ட்டீ வெஞ்சன்ஸ், செங்குத்தாகப் பாய்வதற்கென்றே இறக்கை அமைக்கப்பட்டதால், சாதாரணமாகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். விமானிக்கு முன்புறம் சரியாகத் தெரியாது. அமெரிக்கர்கள் தாம் கட்டிய அந்த விமானத்தையே சண்டைக்கு விரும்பவில்லை. ஆனாலும் எதிரிச் சண்டை விமானங்கள் குறைவாக இருந்த பர்மாக் காட்டின் மேல், சின்னஞ்சிறு இலக்குகளை அது துல்லியமாகத் தாக்கியது. அதன் மதிப்பைத் தீர்மானித்தது அது பறந்த இடமும் காலமும்தான். ஆகவே விசித்திரமான விமானத்தை நான் எதிர்க்கவில்லை. எங்கே, யாருக்கு எதிராக, எதன்மேல் அது பறக்கிறது என்பதைச் சொல்லாமல் வெறும் எண்களாக அதை விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எதன்மேல் என்ற கேள்வியே என் வாதத்தின் மையம். போர்ட் பிளேரில் இன்று பயணிகள் இறங்கும் விமான நிலையத்தின் தொடக்கம் ஜப்பானியர் போட்ட ஓடுபாதை. அதைப் போட்டவர்கள் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தீவுவாசிகள். விளையாட்டில் ‘எதிரி விமானத்தளம்’ என்று சிவப்புக் குறியிடப்படும் இடத்தில் மண்வெட்டியோடு நின்றவர்கள் நம் மக்கள். வானிலிருந்து விழுந்த குண்டுகளுக்கும் கடலில் மூழ்கிய கப்பல்களுக்கும் உளவுதான் காரணம் என்று சந்தேகித்த ஜப்பானியர், தீவு மக்களை வதைத்தார்கள். இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்த மருத்துவர் திவான் சிங் சித்திரவதைக்குப் பிறகு 1944 ஜனவரி 14 அன்று செல்லுலார் சிறையில் இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உண்மையான உளவுக் குழு ஒன்று 1943 ஜனவரியிலேயே நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கியிருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் முன்பு அங்கே காவல் அதிகாரியாக இருந்த மக்கார்த்தி. ஆனால் பழி விழுந்தது தீவில் சிக்கிக்கொண்டவர்கள் தலையில். அந்தமானில் வானத்திலிருந்து வந்த ஒவ்வொரு தாக்குதலும் தரையில் இரண்டாவது முறை வெடிக்கக்கூடிய நிலை இருந்தது. இதைத் துடைத்துவிட்டு, பவளத்திட்டும் தென்னையும் ஓடுபாதையும் மட்டும் வைத்துத் தீவை வரைந்தால், அங்கே பறப்பது எவ்வளவு துல்லியமான விமானமாக இருந்தாலும் அது பொய்.

விளையாட்டில் துயரத்தை நுழைத்தால் ஆடுவது எப்படி, இறந்தவர்களைக் காட்சிப்பொருளாக்குவது இன்னும் பெரிய அவமரியாதை ஆகாதா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஹம்ஃப்ரிகஞ்சை ஒரு ‘மிஷன்’ ஆக்கச் சொன்னால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் மறைப்பதும் காட்சிப்பொருளாக்குவதும் மட்டும்தான் வழிகளா? 2017இல் ‘ஆர்மா 3’ விளையாட்டுக்காக, சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பங்களிப்போடு, போர்ச் சட்டங்களைப் பற்றிய ஒரு கூடுதல் தொகுப்பு வந்தது. கற்பனைத் தீவொன்றில் கொத்துக்குண்டு விழுந்த கிராமத்துக்குக் கண்ணிவெடி அகற்றுபவராக ஆட்டக்காரர் போகிறார். போரிட்டவர்களின் இடத்திலும் அந்தக் குண்டுகளுக்குப் பிந்தைய நாட்களிலும் ஆட்டக்காரரை மாறி மாறி நிறுத்தும் அந்தக் கதை, ஆட்டத்தைக் கெடுத்துவிடவில்லை. தாக்கும் விமானத்தையும் தாக்கப்பட்ட கிராமத்தையும் ஒரே ஆட்டத்துக்குள் வைக்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

பெங்களூரில் பிறந்ததாகக் கற்பிக்கப்படும் விமானத்துக்கும் இது பொருந்தும். அந்த மாற்று வரலாற்றில் அதன் விமானியும் இந்தியர், கீழே மண் சுமப்பவரும் இந்தியர். காலையில் மட்டும் தாக்கு, வேலையாட்கள் வருமுன் திரும்பு என்ற கட்டளையோடு ஒரு பறப்பை அமைக்கலாம். குழிகளை நிரப்ப மறுநாள் எத்தனை பேர் இழுத்து வரப்பட்டார்கள் என்பதை அடுத்த பறப்பின் முன்விளக்கத்திலேயே சொல்லலாம். ஓடுபாதையை அழித்ததற்குத் தரும் புள்ளிகளை அந்த எண்ணோடு சேர்த்தே கணக்கிடலாம். ஒரு புதிய எஞ்சினின் வேக வரைபடத்தைச் சரிபார்க்கச் செலவாகும் உழைப்பில் சிறு பகுதியே இதற்குப் போதும்.