எதிர்ப்பது எது?

செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை உள்ளது. அங்குள்ள ஆய்வாளர் பல்லாண்டாக ஆராய்ந்துவரும் கிருமிகளுள் ஒன்று, மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ். கிருமி இவ்வாறு மருந்துக்கு அடங்காமையைத் தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று எழுதுகின்றனர். இத்தொடர் குற்றமுடையது.

இதனை ‘நுண்ணுயிரை எதிர்த்தல்’ என இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரிக்கலாம். ‘நுண்ணுயிரது எதிர்ப்பு’ என ஆறாம் வேற்றுமைத் தொகையாகவும் விரிக்கலாம். முன்னது மருந்தின் செயல். பின்னது கிருமியின் செயல். இவற்றோடு உடலின் ‘நோய் எதிர்ப்பாற்றலும்’ வந்து சேரவே, மருந்துக்குப் பழகிப்போவது நோயாளியின் உடலே என்று பலரும் மயங்குகின்றனர்.

உண்மை யாது? பெனிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. சுவர் தளர்ந்து கிருமி வெடித்து மடிகிறது. மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவர் இல்லை. டெட்ராசைக்ளினோ, கிருமி புரதம் ஆக்குவதைத் தடுத்து வளர்ச்சியை நிறுத்துகிறது; பெரும்பாலும் கொல்வதில்லை. ஆதலின் ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்பதும் முற்றும் பொருந்தாது. வைரஸையும் நுண்ணுயிர் என்றே வழங்குவதால், சளிக்கும் இம்மருந்து உதவும் என்ற பிழையும் பிறக்கிறது. வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை. புரதம் ஆக்கும் உறுப்பும் இல்லை.

கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் மரபணு மாற்றத்தால் மருந்துக்குத் தப்பும் சில தோன்றும். மருந்து ஏனையவற்றை அழிக்க, எஞ்சியவை பெருகும். சில, மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும். சில, மருந்தை வெளியே தள்ளும். மெத்திசிலின் 1959இல் வழக்கிற்கு வந்தது. அதற்கு அடங்காத கிருமி 1961இலேயே இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. குறைந்த அளவு மருந்து கிருமியை வலுப்படுத்தும் என்று பிளெமிங் 1945ஆம் ஆண்டின் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். இவ்வாறு வலுப்பெற்ற கிருமி, அம்மருந்தை ஒருநாளும் உண்ணாதவரையும் தொற்றலாம். பழகியது உடல் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனவே, உடலுக்கு உரியது ‘நோய்த்தடுப்பாற்றல்’. மருந்துக்கு உரியது ‘பாக்டீரியா மருந்து’. கிருமிக்கு உரியது ‘பாக்டீரியாவின் மருந்தெதிர்ப்பு’ எனப் பிரித்து வழங்குவதே நன்று. பிறமொழிச் சொல் கலந்தது, நீண்டது என்பார் உளர். மயக்கந்தரும் தூய சொல்லினும் தெளிவுதரும் கலப்புச் சொல் மேலன்றோ?

மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்படி இம்மருந்துகளை மருத்துவர் ஆணையின்றி விற்றல் கூடாது. ஆயினும், வீட்டுப் பெட்டியில் எஞ்சிய மாத்திரையைச் சட்டம் காவாது; வகுப்பறையில் தெளிவாகக் கற்ற சொல்லே காக்கும்.