கூழும் கல்லுப்பும்

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி பாத்தியாக விளையும் கல்லுப்பை விரல் நுனியில் உருட்டினால் லேசான ஈரமும் நறநறப்பும் தெரியும். அந்த உப்பு முழு ருசி காட்டுவது கேழ்வரகுக் கூழில்தான். ஆரோவில்லைச் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி போன்ற ஊர்களில் ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் அதே கூழ், வெயிலில் வேலைக்குப் போகிறவர்களின் காலை ஆகாரமும்கூட.

கூழ் அவசரத்துக்கு வராது. முதல் நாள் இரவே மாவைக் கரைத்துப் புளிக்க விட வேண்டும். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, அது குழைந்ததும் மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி ‘தொப் தொப்’பென்று கனத்துக் கேட்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாது, அதுதான் பதம். ஆறியதை மோர் விட்டுக் கையால் கரைத்து, கல்லுப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் புளிப்பும் உறைப்பும் நாக்கில் நிற்க, வயிறு குளிரும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாவு புளிப்பதால் உடம்பு அதை எளிதாக ஏற்கிறது. உப்பு மட்டும் அளவோடு இருக்கட்டும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் கூழ் குடித்துப் பாருங்கள்.